நயினார் வைக்காத புள்ளி

"மணி என்ன நயினாரே?" என்று கேட்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு அண்ணாந்து ராஜகிரி மலையைப் பார்ப்பார். பிறகுதான் வாய் திறக்கும்: "நாலா இருக்கலாம்." முள் சரியாக நாலில்தான் நிற்கும். ஆனாலும் வெறும் "நாலு" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கடிகாரம் பின்தங்கி ஓடினால் என்ன செய்வது என்பது அவர் கவலை.

செஞ்சிக் கடைத்தெருவில் இதை வைத்து ஒரு கேலி உண்டு. "நயினாருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று டீக்கடையில் ஒருத்தர் எடுத்துக்கொடுப்பார். "ஆயிருக்கலாம்" என்று நாலு பேர் சேர்ந்து சொல்வார்கள். இவர் சைக்கிளைப் பிடித்தபடி அங்கேயே நிற்பார், அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். கேலி செய்தவரிடமே காற்றடிக்கும் பம்பை வாங்கிக்கொண்டு போவார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மேல்சித்தாமூர்ச் சமணர்; நயினார் என்பது அவர்கள் பட்டம். ஊருக்கெல்லாம் நயினார், எங்கள் கொட்டகைக்கும் நயினார்தான். அவருக்கு நான் ஒரு கெடுதல் செய்தேன். அதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன். அதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டால் என் பாவம் தெரியும், மனிதர் தெரியமாட்டார். அதனால் முதலில் அவரைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் அது. கோட்டைக்குப் போகிற வழியில் பாய் ஒருவர் மணிக்கொட்டகை வைத்திருந்தார். நீளமான ஓட்டுக் கொட்டகை, அதில் ஐந்து மண்ணெண்ணெய் விளக்குகள். ஒவ்வொரு விளக்குக்கும் காலால் மிதிக்கிற துருத்தி. துருத்திக் காற்று பட்டதும் தீ ஊசியாக நீளும். அந்தத் தீயில் கண்ணாடிக் குச்சியை உருக்கிக் கம்பியில் சுற்றினால் மணி. மாட்டுக்குக் கட்டுகிற நீலமணி, கண் படாமல் குழந்தைக்குக் கட்டுகிற கண்மணி, பெண்கள் கோத்துப் போடுகிற பாசி எல்லாம் அங்கே உருண்டன. விளக்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தலைவர் மேஸ்திரி. நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்து திருத்தமாக இருக்கும் என்று என்னைச் சீட்டு எழுதவும் மணி கோக்கவும் வைத்திருந்தார்கள். என் அப்பா கிணறு வெட்டும்போது கல் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். தம்பி தங்கை இரண்டு பேரும் சின்னதுகள். நான் வேலைக்குப் போனால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

கண்ணாடிக் குச்சிகள் வடக்கே எங்கெங்கோ சூளைகளில் வார்த்தவை. பல சூளைகளின் கழிவுச் சரக்கை ஒன்றாகக் கலந்து கட்டி, மெட்ராஸில் ஒரு வியாபாரி விற்பார். வைக்கோல் திணித்த கோணியில் லாரி ஏறி வரும். எந்தச் சூளை, என்ன நிறம் என்று ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. இருந்ததையும் எலி தின்றிருக்கும், இல்லாவிட்டால் மழையில் ஊறிக் கூழாகியிருக்கும்.

நிறம் கண்ணுக்குத் தெரியுமே, சீட்டு எதற்கு என்று நானும் முதலில் கேட்டேன். கண்ணாடி அத்தனை யோக்கியமான பொருள் இல்லை. ஆறின நீராகாரம் போலத் தெளிந்திருக்கிற குச்சி தீயில் காட்டினால் ரத்தச் சிவப்பாகும். கறுப்பென்று நினைத்ததை உருக்கி நூலாக இழுத்தால் கத்திரிப்பூ நிறம் தெரியும். இதையெல்லாம்விட மோசமான ஒன்று உண்டு. ஒரு சூளைக் கண்ணாடிக்கும் இன்னொரு சூளைக் கண்ணாடிக்கும் ஒத்துப்போகாது. சூட்டில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பார்க்க அழகாகவே இருக்கும். ஆறும்போது ஒன்று அதிகமாகச் சுருங்கும், இன்னொன்று குறைவாகச் சுருங்கும். அப்படிச் செய்த மணி அன்றைக்கே விரிசல் விட்டு உடைந்தாலும் உடையும், பத்து நாள் கழித்து யாரோ ஒருத்தி கழுத்தில் இருக்கும்போது உடைந்தாலும் உடையும்.

எது எதோடு சேரும் என்று பார்த்துச் சொல்கிற வேலை நயினாருடையது.

கிழக்கு ஜன்னலோரம் அவருக்கு ஒரு பலகை, ஒரு சின்ன விளக்கு. காலையில் வந்ததும் புல்லால் கட்டிய மெத்தென்ற துடைப்பத்தால் பலகையைத் தடவித் தடவி எறும்புகளை இறக்கிவிடுவார். துணியில் வடிகட்டிய தண்ணீர் ஒரு செம்பில் பக்கத்தில் இருக்கும். விளக்கைச் சுற்றிப் பூச்சி விழாமல் கம்பி வலை. எறும்பு முழுதும் இறங்கிப் போனால்தான் தீக்குச்சி கிழிப்பார். "எறும்புக்கு டிக்கெட் குடுத்து அனுப்புறாரு" என்று மேஸ்திரி முணுமுணுப்பார்.

அவர் சோதனை இப்படி. இரண்டு குச்சிகளின் நுனிகளைச் சேர்த்து உருக்குவார். பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டதும் இடுக்கியால் பிடித்து ஒரு சாண் நீளத்துக்கு நூலாக இழுப்பார். அதைச் செங்கல்லின் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். ஆறின நூல் நேராக இருந்தால் இரண்டும் சேரும். வளைந்தால் சேராது. அவ்வளவுதான், பத்து நிமிட வேலை. இழுத்த நூல் ஒவ்வொன்றையும் அட்டையில் ஒட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைப்பார். நான் சீட்டு எழுதிக் குச்சிக்கட்டின் மேல் கட்டுவேன். காதில் செருகியிருக்கிற காப்பிங் பென்சிலை எடுத்துச் சீட்டின் மூலையில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி இல்லாத கட்டை மேஸ்திரி தொடமாட்டார்.

ஊரில் அந்தப் புள்ளிக்கு அத்தனை மரியாதை. மல்லாட்டை வியாபாரிகூட வேர்க்கடலை மூட்டையைத் தட்டி, "நயினார் புள்ளி வச்ச மாதிரி, ஒரு சொத்தை இருக்காது" என்பான்.

ஒருமுறை மெட்ராஸ் சரக்கில் கட்டுக் கட்டாக நிறமே இல்லாத குச்சிகள் வந்துவிட்டன. சிவப்புக் கேட்டிருந்த பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏமாத்திட்டான் நயினாரே! பூரா வெள்ளை!"

"வெள்ளையா இருக்கலாம் பாய். சிவப்பாவும் இருக்கலாம்."

"கண்ணு தெரியலியா உங்களுக்கு?"

"கண்ணு தெரியுது. அதான் சொல்றேன், அதை நம்பாதீங்க."

தீயில் காட்டினார். குச்சியின் நுனி முதலில் தெளிவாகவே உருகியது. வெளியே எடுத்து ஆறவிட்டு மறுபடி காட்டியதும் உள்ளேயிருந்து சிவப்பு ஏறிவந்தது. பாய் அவரைக் கட்டிக்கொண்டார். இவரோ அதே கோணியிலிருந்து அடுத்த கட்டை எடுத்து, "இது வெள்ளையாவே இருக்கலாம்" என்றார். அவரிடம் எனக்கு எரிச்சல் வந்ததும் இதனால்தான். ஒரு தடவை சரியாகச் சொன்னால் இரண்டு நாளாவது நெஞ்சை நிமிர்த்தி நடக்கவேண்டாமா? அவர் சொன்னது சரியாக இருக்க இருக்க, சந்தேகமும் கூடிக்கொண்டே போகும்.

ஒருநாள் கையில் எடுத்ததுமே தெரிந்த கறுப்புக்கட்டு ஒன்றுக்கு நான் முந்திக்கொண்டு 'கறுப்பு' என்று சீட்டு எழுதிவிட்டேன். அதைக் கிழிக்கச் சொன்னார்.

"கறுப்புதானே நயினாரே?"

"கறுப்பா இருக்கலாம்மா. ஆனா எழுதிட்டியே. எழுதினப்புறம் கண்ணு குச்சியைப் பாக்காது, எழுத்தைத்தான் பாக்கும்."

கிழித்தேன். சோதித்தார். கறுப்புதான். மறுபடி அதையே எழுதச் சொன்னார். ஒரு தாள் வீண் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மத்தியானம் அவர் மனைவி கட்டிக்கொடுத்த அதிரசத்தில் ஒன்றை என் பலகையில் வைத்துவிட்டுப் போனார்.

இன்னொரு நாள் பெருமழை. ஓடு ஒழுகிச் சீட்டெல்லாம் நனைந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் அவர் வைத்த புள்ளி ஒவ்வொன்றும் ஊதா நிறத்தில் விரிந்திருந்தது. காப்பிங் பென்சில் காய்ந்திருக்கும்வரை சாதாரண பென்சில் போலக் கறுப்பாகத்தான் இருக்கும், தண்ணீர் பட்டால்தான் ஊதா நிறம் கக்கும். நயினாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாத்தியாம்மா, நம்ம புள்ளியும் கண்ணாடி மாதிரிதான். மூஞ்சி ஒண்ணு, குணம் ஒண்ணு" என்றார். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

சாயங்காலம் ராஜகிரியின் நிழல் கொட்டகை வாசலைத் தொட்டால் கிளம்பிவிடுவார். வீட்டுக்குப் போய்க் குளித்துப் பொழுது சாய்வதற்குள் சாப்பிடவேண்டும். இருட்டினபிறகு அவர்கள் சாப்பிடமாட்டார்கள். வெளிச்சம் மங்கினால் தீயைத் தேடிப் பூச்சியும் வரும். என்ன அவசரமானாலும் அந்த நேரத்தில் விளக்கை அணைத்துவிடுவார். அதிலும் அவர் பாணி உண்டு. "இது மலை நிழல்தான். பொழுது இன்னும் இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே சைக்கிள் ஏறுவார்.

பாயின் மகளுக்கு நிக்காஹ் வைத்தார்கள். அவர்கள் வழக்கப்படி பெண்ணுக்குக் கருகமணி கட்டவேண்டும். மணிக்கொட்டகை வைத்திருக்கிறவர் மகள் கழுத்துக்குக் கடையில் வாங்கிய மணியா? சாதாரணக் கறுப்புமணிச் சரத்தின் நடுவில், நம் கொட்டகையில் செய்த ஏழு பெரிய மணிகள் வரவேண்டும், கறுப்பு மணியைச் சுற்றி வெள்ளை வளையம் ஓடவேண்டும் என்று பாய் ஆசைப்பட்டார். புதுக்கோணியில் பதினோரு கட்டு வெள்ளைக் குச்சிகள் வந்திருந்தன. நயினார் ஒவ்வொரு கட்டாகக் கறுப்போடு இழுத்துப் பார்த்தார். பத்தாவது கட்டு முடியும்போது மலை நிழல் வாசலுக்கு வந்துவிட்டது. அந்தப் பத்தும் பக்கத்து ஊர்த் திருவிழாக் கடைக்காரர்களுக்கென்று எண்ணி வைத்த மாட்டுமணிக்கு. ஒரு குச்சி குறைந்தாலும் எண்ணிக்கை இடிக்கும் என்று மேஸ்திரி அதை அப்போதே பெட்டியில் போட்டுப் பூட்டச் சொல்லிவிட்டார். கருகமணிக்கு மீந்தது பதினோராவது கட்டு.

மறுநாள் சதுர்த்தசி. அன்று அவருக்கு விரதம், வேலைக்கு வரமாட்டார். அதற்கடுத்த நாள் நிக்காஹ்.

"இதை நான் பாக்கலம்மா. நாளன்னிக்குத்தான் பாக்கமுடியும்" என்றார். "மேஸ்திரிகிட்ட சொல்லு, அதுவரைக்கும் காத்திருக்க முடியலைன்னா வளையம் வாணாம், வெறும் கறுப்பாவே பண்ணட்டும். கறுப்பு மணி கெட்டுப்போவாது."

அவர் சைக்கிள் திரும்பினதும் மேஸ்திரி வந்தார். "வெள்ளை ரெடியா? நாளைக்கு வெளிச்சம் வந்ததும் உக்காரணும்."

நயினார் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் மேஸ்திரி, "ரெண்டு வருஷமா அவர் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருக்கியே, வெள்ளை எது கறுப்பு எதுன்னு உனக்கு இன்னும் தெரியலியா?" என்றார்.

சுருக்கென்றது. ஒரே கோணி, ஒரே மாதிரி வெள்ளை, பத்துக் கட்டும் நேராக நின்ற நூல். பதினொன்று மட்டும் என்ன ஆகாசத்திலிருந்தா குதித்தது? எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவர் செங்கல் பக்கத்திலேயே இருந்தது, விளக்கிலும் எண்ணெய் இருந்தது. நானே இழுத்துப் பார்த்திருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை. தெரிந்ததற்கு எதற்குச் சோதனை என்கிற திமிர். சீட்டு எழுதினேன். காப்பிங் பென்சில் அவர் காதோடு போயிருந்தது. என் பலகையில் கிடந்த சாதாரண பென்சிலை எடுத்து மூலையில் ஒரு புள்ளி வைத்தேன்.

"நயினார் பாத்துட்டுத்தான் போனாரு" என்று கட்டை மேஸ்திரியிடம் கொடுத்தேன்.

ஏழு மணியும் அழகாக வந்தன. வெள்ளை வளையம் பிசிறில்லாமல் ஓடியது. பாய் ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடமே கோக்கக் கொடுத்தார். கோத்தேன்.

விரதம் முடிந்து வந்த நயினார் முதலில் கேட்டது அதைத்தான். "ஒரு கட்டு பாக்கி இருந்துதேம்மா?"

"இல்லியே. கிளம்புற அவசரத்துல அதையும் பாத்துப் புள்ளி வச்சீங்களே" என்றேன். இது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிட இதுதான் என்னை இன்றும் அதிகமாக அறுக்கிறது. வேறு யாரிடமும் இது செல்லாது. "நான் பாக்கல, எனக்கு நல்லாத் தெரியும்" என்று அடித்துச் சொல்லியிருப்பார்கள். தன்னையும் நம்பாத மனிதர் அவர் என்று தெரிந்துதான் சொன்னேன்.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பாத்திருக்கலாம்" என்றார்.

நிக்காஹ் முடிந்து ஐந்தாம் நாள், திண்டிவனத்தில் சம்பந்தி வீட்டு விருந்து. பத்துப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும்போது புதுப்பெண் கழுத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு மணி பாதியாக விண்டு சோற்றுத் தட்டில் விழுந்தது. அடுத்த நாள் இன்னொன்று. அந்த வீட்டில் வயதான அம்மாள் ஒருத்தி, "கட்டி ஒரு வாரம் நிக்கலியே" என்று பெண் காதுபடச் சொல்லிவிட்டாள். பெண் அழுதுகொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தது. ஒரு மாதம் கழித்துப் பெரியவர்கள் பேசி அழைத்துப்போனார்கள், பிறகு நன்றாகவே வாழ்ந்தது. ஆனால் அந்த ஒரு மாதம் பாய் சரியாகத் தூங்கவில்லை.

பெண் வந்த அன்றைக்கே பாய் கொட்டகைக்கு வந்தார். கையில் உடைந்த மணி, மேஸ்திரியிடமிருந்து வாங்கின வெள்ளைக்கட்டு, அதில் என் சீட்டு. துருத்தி மிதித்த கால்கள் எல்லாம் நின்றுவிட்டன.

"என் பொண்ணு கழுத்து நயினாரே" என்றார். சீட்டின் மூலையைக் காட்டினார். "இந்தப் புள்ளி நீங்க வச்சதா, இல்லியா? ஒரே வார்த்தை."

நயினார் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். அட்டைகளை ஒவ்வொன்றாகப் பலகையில் பரப்பினார். அந்தக் கோணிக்குப் பத்து நூல்கள் இருந்தன. மறுபடி எண்ணினார். பத்துதான். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்கு ஞாபகம் இருக்குதாம்மா? இதை நான் பாத்தேனா?"

கேட்டதில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டார். அப்பாவின் இடுப்பு, தம்பியின் பள்ளிக்கூடம், நாளைக்கு வைக்கவேண்டிய உலை என்று ஏதேதோ கண்ணில் ஓடியது. அதெல்லாம் நிஜம்தான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இத்தனை பேர் நடுவில் நான் அசிங்கப்படக்கூடாது என்பதுதான் வந்தது.

"தெரியலைங்க" என்றேன்.

வாழ்நாள் முழுக்கத் தெரிந்ததையும் தெரியாது என்று சொன்ன மனிதரிடம், தெரிந்தே தெரியாது என்றேன்.

நயினார் சீட்டைக் கையில் வாங்கினார். கிட்டத்தில் பிடித்து மூலையைப் பார்த்தார். வலது கை ஆள்காட்டி விரலைச் செம்புத் தண்ணீரில் நனைத்தார். விரல் சீட்டுக்கு நேரே வந்தது. நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. அப்போதுதான் எனக்குக் காப்பிங் பென்சில் ஞாபகம் வந்தது, மழையில் விரிந்த புள்ளிகள் ஞாபகம் வந்தன. அவர் புள்ளியாக இருந்தால் ஊதா விரியும். இது விரியாது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் என் கால் விரலைப் பார்த்தேன். மறுபடி நான் பார்த்தபோது விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் வச்சதா இருக்கலாம் பாய்" என்றார்.

"இருக்கலாமா? என் பொண்ணு வாழ்க்கைல இருக்கலாமா?" பாய் கத்தினார். அவர் அப்படிக் கத்தி அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. "போங்க நயினாரே. நாளையிலேர்ந்து வராதீங்க."

நயினார் விளக்கை அணைத்தார். நூல் அட்டைகளை டப்பாவில் அடுக்கி எடுத்துக்கொண்டார். காதிலிருந்த பென்சிலை எடுத்து என் பலகையில் வைத்தார். போகும்போது வாசலில் சீட்டை என்னிடம் நீட்டி, "பத்திரமா வச்சுக்கோம்மா" என்றார். சைக்கிளை ஏறி ஓட்டாமல் உருட்டிக்கொண்டே போனார்.

பாய் அவர் இடத்தை எனக்கே கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை நான். முதல் நாள் அந்தப் பலகையில் உட்கார்ந்து முதலில் இழுத்துப் பார்த்தது அந்தப் பதினோராவது வெள்ளையைத்தான். செங்கல்லில் வைத்துக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு தணியத் தணிய நூல் மெல்ல மெல்ல வளைந்து, கடைசியில் இரண்டு நுனியும் கல்லைவிட்டு எழும்பி நின்றன.

கடைத்தெருவிலும் பேச்சு மாறிவிட்டது. வெளியே பளபளவென்று இருந்து உள்ளே சொத்தையாக ஒரு மாங்காய் இருந்தால், "நயினார் புள்ளி வச்ச மாங்கா" என்று சிரித்தார்கள். என் முன்னாலேயே சொல்வார்கள். ஒருமுறை நானும் சிரித்துவைத்தேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

நாலு வருஷம் போயிற்று. அப்பா போய்ச் சேர்ந்தார், தம்பி வேலைக்குப் போனான். எனக்கு இனிமேல் சாக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒரு மத்தியானம் பஸ் ஏறி மேல்சித்தாமூரில் இறங்கினேன். சமண மடத்துக்குப் பின்பக்கம் மூன்றாவது தெரு என்று வழி சொன்னார்கள். நயினார் வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. உரித்த விதையை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பிஸ்கட் டப்பாதான்.

"அடடே, வாம்மா! பஸ்ல வந்தியா? மோர் குடிக்கிறியா?"

நான் உட்காரக்கூட இல்லை. "அந்தப் புள்ளி நான் வச்சதுங்க" என்றேன்.

கையிலிருந்த காயை உரித்து முடித்தார். "இருக்கலாம்" என்றார்.

எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம் வந்தது. "இருக்கலாம் இல்லைங்க! நான்தான். நான்தான் வச்சேன். இதோ சீட்டு, தண்ணி வச்சுப் பாருங்க!" இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து அதை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அடிக்கிற மாதிரிதான் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "அன்னிக்கே பாத்திருப்பேன்மா. பாத்துட்டா அப்புறம் சொல்லாம இருக்க முடியாது எனக்கு" என்றார். தோலியைக் கையால் ஒதுக்கினார். "உங்கப்பா அப்ப படுக்கைல இருந்தாரு. எனக்கு இந்த மல்லாட்டைக் கொல்லை இருந்துது."

திட்டுவார் என்று நினைத்துப் போனேன், மன்னித்தேன் என்பார் என்றும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. இரண்டும் கிடைக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி, "பொழுது சாயுது, ரெண்டு பேரும் சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

பஸ் நிற்கிற இடம்வரை கூட வந்தார். அங்கே நின்று பாதையைப் பார்த்தபடி கேட்டார். கேட்கலாமா என்று நாலு வருஷமாக யோசித்து வைத்திருந்தவர் போலக் கேட்டார்.

"அந்த வெள்ளையை இழுத்துப் பாத்தியாம்மா?"

"பாத்தேங்க."

"வளைஞ்சுதா?"

"வளைஞ்சுது."

"எந்தப் பக்கம்? வெள்ளைப் பக்கமா, கறுப்புப் பக்கமா?"

"வெள்ளைப் பக்கம்."

தலையாட்டினார். மனசுக்குள் அந்த நூலை ஒருதரம் இழுத்துப் பார்த்தார் போலிருந்தது. கண்ணில் பழைய வெளிச்சம் ஒன்று வந்தது.

"அப்ப வெள்ளைதான் அதிகமாச் சுருங்குது" என்றார்.

இருக்கலாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் விசிலடித்தார், நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் அதைச் சொல்லவே இல்லை. நான் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.